விளையாட்டை நினைவில் வைக்கும் அட்டை

மூன்று மணி நேரம் பாடுபட்டு ஒரு வீடியோ விளையாட்டின் எட்டாவது கட்டத்தை அடைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா சாப்பிட அழைக்கிறார். விளையாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு எழுகிறீர்கள். மறுநாள் இயக்கிப் பார்த்தால் விளையாட்டு முதல் கட்டத்திலிருந்தே தொடங்குகிறது! நேற்றைய உழைப்பு எங்கே போயிற்று?

1980களில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடிய சிறுவர்கள் பலருக்கும் நேர்ந்த ஏமாற்றம் இது. ஆட்டக்காரர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார், எத்தனை புள்ளிகள் பெற்றார் என்பன போன்ற செய்திகள் பெட்டியினுள் இருந்த தற்காலிக நினைவகத்தில் பதிவாயின. மின்னோட்டம் உள்ளவரைதான் அந்நினைவகத்துக்கு உயிர். மின்சாரம் நின்றதும், கரும்பலகையைத் துடைத்ததுபோல் எல்லாம் அழிந்துவிடும். இக்குறையை எவ்வாறு போக்கினர் என்பதைக் காண்போம்.

எழுதி வைத்த மந்திரம்

முதலில் கையாண்ட வழி மிக எளியது. நினைவில் வைக்கும் பொறுப்பை ஆட்டக்காரரிடமே ஒப்படைத்தனர்! 1986-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' என்ற விளையாட்டில், ஆட்டத்தை நிறுத்தும்போது திரையில் 20 ஜப்பானிய எழுத்துகள் தோன்றும். அவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, மறுநாள் அப்படியே உள்ளிட்டால் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இதிலுள்ள கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் 64 எழுத்துகளுள் ஒன்று. 64 என்பது 2-இன் ஆறாம் அடுக்கு. ஆகவே ஓர் எழுத்து 6 பிட் செய்தியைத் தாங்கும். 20 எழுத்துகள் 120 பிட் தாங்கும். வீரனின் வலிமை, பொன், படைக்கலங்கள் அனைத்தும் இந்த 120 பிட்டுக்குள் அடங்கிவிட்டன. ஆனால் ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டால் போதும், பல நாள் உழைப்பு வீணாகிவிடும்.

மின்கலம் காத்த நினைவு

அடுத்த வழி, தற்காலிக நினைவகத்துக்கு மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொள்வது. 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' விளையாட்டின் பேழைக்குள் காசு வடிவிலான ஒரு லித்தியம் மின்கலம் இருந்தது. பெட்டியை அணைத்த பின்னும் நினைவகச் சில்லுக்கு அது சிறிது மின்னோட்டம் அளித்துவந்தது.

இத்தகைய மின்கலம் எத்தனை நாள் உழைக்கும்? அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. சில்லு 2 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், வகுத்து வருவது 1,10,000 மணி நேரம். அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல்! ஆனால் மின்கலம் தீர்ந்த அன்று நினைவும் தீர்ந்துவிடும்.

குறுந்தகடு வந்தது

1990-இல் வந்த 'நியோ ஜியோ' பெட்டியில், கழற்றி எடுக்கக்கூடிய நினைவு அட்டை இடம்பெற்றது. எனினும் அட்டையை வீடுதோறும் கொண்டுசேர்த்தது, 1994 டிசம்பரில் ஜப்பானில் சோனி நிறுவனம் வெளியிட்ட 'பிளேஸ்டேஷன்' ஆகும். இதன் விளையாட்டுகள் குறுந்தகட்டில் வந்தன. குறுந்தகட்டில் 650 மெகாபைட் அளவுக்குச் செய்திகள் அடங்கும். ஆனால் லேசர் ஒளியால் அதைப் படிக்க மட்டுமே இயலும், எழுத இயலாது. எனவே எழுதுவதற்குத் தனியே ஓர் இடம் தேவைப்பட்டது.

அந்த இடம்தான் உள்ளங்கையில் அடங்கும் நினைவு அட்டை. அதன் கொள்ளளவு 128 கிலோபைட். குறுந்தகட்டின் முன் இது மிகச் சிறிது. ஆயினும் நாம் மேலே கண்ட 20 எழுத்து மந்திரத்தைப்போல் எட்டாயிரம் மடங்குக்கு மேல் கொள்ளும். அட்டை 16 கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. முதற்கட்டம், எது எங்கே உள்ளது என்று கூறும் அட்டவணை. எஞ்சிய 15 ஆட்டக்காரருக்கு. அவை நிரம்பிவிட்டால் பழைய ஆட்டம் ஒன்றை அழித்தாக வேண்டும். எதை அழிப்பது என்று அண்ணனும் தம்பியும் பூசலிட நேர்ந்திருக்கும் அல்லவா?

சிறைப்பட்ட எலக்ட்ரான்கள்

இந்த அட்டையில் மின்கலம் கிடையாது. பின் எவ்வாறு நினைவு நிலைக்கிறது? இங்கேதான் இயற்பியலின் விந்தை இருக்கிறது.

சில்லினுள் இலட்சக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும், நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு சிலிகன் தீவு உண்டு. இதனை 'மிதக்கும் வாயில்' என்பர். 1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் ஸீ ஆகியோர் இக்கருத்தை வெளியிட்டனர். இதன் அடிப்படையில் 'ஃபிளாஷ்' நினைவகத்தை உருவாக்கி 1984-இல் அறிவித்தவர், தோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுவோக்கா.

தீவில் எலக்ட்ரான்கள் அடைபட்டிருந்தால் 0, இல்லையெனில் 1. தீவில் எதிர்மின்னூட்டம் இருந்தால் டிரான்சிஸ்டர் வழியே மின்னோட்டம் எளிதில் பாயாது. அதை வைத்தே 0, 1 அறியப்படுகிறது.

ஆனால் மின்கடத்தாச் சுவரைக் கடந்து எலக்ட்ரான் உள்ளே செல்வது எப்படி? சுவரின் தடிமன் சுமார் 10 நேனோமீட்டர். அதன் இரு பக்கங்களுக்கிடையே 10 வோல்ட் அளித்தால், மின்புலம் மீட்டருக்கு 100 கோடி வோல்ட் ஆகிறது. காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்கு 30 இலட்சம் வோல்ட் போதும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்! இவ்வளவு வலிய மின்புலத்தில், எலக்ட்ரானைத் தடுக்கும் ஆற்றல் அரண் மெலிந்துவிடுகிறது. சுவரில் எறிந்த பந்து திரும்பித்தான் வரும். எலக்ட்ரானுக்கோ அலைப்பண்பும் உண்டு; ஆகவே மெலிந்த அரணை அது ஊடுருவிச் செல்ல முடிகிறது. இதுவே 'சுரங்க விளைவு'. மின்னழுத்தத்தை நீக்கியதும் அரண் பழையபடி தடித்துவிடும். எலக்ட்ரான்கள் உள்ளே சிறைப்படும். மின்புலத்தின் திசையை மாற்றினால் விடுதலை.

"அட்டையை எடுக்காதீர்!"

பதிவு நடக்கும்போது அட்டையை எடுக்கக்கூடாது என்று திரையில் எச்சரிக்கை வரும். காரணம் எளிது. பதிவு நொடிப்பொழுதில் முடிவதன்று. 128 பைட் கொண்ட சிறு பகுதிகளாக, ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகிறது. அட்டவணையையும் திருத்த வேண்டும். இடையில் அட்டையை உருவினால், பாதி புதியதும் பாதி பழையதுமாக நின்றுவிடும். அட்டவணையே சிதைந்தால் மற்ற ஆட்டங்களுக்கும் கேடுதான்.

என்றும் நிலைக்குமா?

2001-இல் வெளிவந்த 'எக்ஸ்பாக்ஸ்' பெட்டியினுள்ளேயே வன்தட்டு இருந்தது. 2006-இல் வந்த 'பிளேஸ்டேஷன் 3'-லும் அவ்வாறே. தனி அட்டையின் காலம் மெல்ல முடிந்தது. ஆனால் அதன் தத்துவம் மறையவில்லை. உங்கள் கைப்பேசியிலும் பென்டிரைவிலும் இன்று செய்திகளைக் காப்பவை சிறைப்பட்ட எலக்ட்ரான்களே.

எந்தச் சிறையும் முழுக் காவல் உடையதன்று. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அழிக்கும்போதும் சுவர் சிறிது பழுதுபடுகிறது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் எலக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன. வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். இன்றைய சில்லுகளில் தீவுகள் மேலும் சிறியவை. அடைபட்ட எலக்ட்ரான்களும் குறைவு.

ஆகவே ஒன்று கூறுவேன். தாத்தாவின் குரலையோ, அக்காவின் திருமணப் படங்களையோ ஒரே பென்டிரைவில் பதிந்து அலமாரியில் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மற்றொரு படியை வேறோர் இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கொரு முறையேனும் இரண்டையும் திறந்து பாருங்கள். தொலைந்த விளையாட்டை மீண்டும் முதலிலிருந்து ஆடலாம். தொலைந்த குரலை மீண்டும் பதிவு செய்ய முடியுமா?