ஒரு ஃப்ரேமுக்கு 25 மில்லி விநாடி

“மாமா, எல்லாத்தையும் லோ-ல வச்சுட்டேன். அப்பவும் திக்குது.”

லேப்டாப்பை மெத்தையில் போட்டு, தானும் குப்புறப் படுத்தபடி அக்கா மகன் சொன்னான். ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் அது. 2019-ல் வந்த கார்டு. அப்போது கேமிங் லேப்டாப் வரிசையில் முதல் படி. அதில் அவன் ஓட்டப் பார்த்தது சைபர்பங்க் 2077. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2020 டிசம்பரில் வெளியிட்ட கேம். நைட் சிட்டி என்ற கற்பனை ஊரை மழை, நெரிசல், நியான் விளக்கு சகிதம் எழுப்பிக் காட்டும். இப்போதைய பதிப்பு குறைந்தபட்சம் என்று கேட்பதே 6 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1060. இவனிடம் இருப்பது 4 ஜிபி. வரவேற்பு இல்லாத வீடுதான்; ஆனால் உள்ளே போக வழி இருக்கிறது.

எல்லாவற்றையும் லோ-வுக்குத் தள்ளுவது வழியல்ல. படமும் கெடும், திக்கலும் போகாது. ஏனென்றால் திக்குவதெல்லாம் ஒரே நோய் அல்ல.

முதலில் நேரக் கணக்கு. விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால், ஒரு ஃப்ரேமை வரைந்து முடிக்கக் கார்டுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 30 போதுமென்றால் 33.3. அதற்குள் 1920-க்கு 1080 திரையின் 20,73,600 புள்ளிகளுக்கும் நிறம் முடிவாக வேண்டும். இதில் பெரிய மிச்சம் ரெசல்யூஷனில் கிடைக்கும். ஏஎம்டி 2021-ல் கொண்டுவந்த எஃப்எஸ்ஆர், படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் கொடுக்கிற உத்தி. அதன் ‘குவாலிட்டி’ நிலையில் கார்டு உண்மையில் வரைவது 1280-க்கு 720, அதாவது 9,21,600 புள்ளிகள். பாதிக்கும் குறைவு. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இதைவிட நன்றாகச் செய்யும்; ஆனால் அதற்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். என்விடியாவின் பழைய கார்டுக்குக் கைகொடுப்பது போட்டிக் கம்பெனியின் உத்தி!

அடுத்து, கண்ணுக்குத் தெரியாமல் நேரத்தைத் தின்பவை. மழை பெய்கிற தெருவில் அவனை நிற்கச் சொன்னேன். ஈரத் தார்ச்சாலையில் எதிர்க்கட்டடத்தின் இளஞ்சிவப்பு விளம்பரப் பலகை மின்னிக்கொண்டிருந்தது. “இப்ப தலையை மெதுவா கீழே குனி” என்றேன். பலகை திரையின் மேல் விளிம்பைத் தாண்டியதும் சாலையில் இருந்த அதன் பிம்பமும் அழிந்துபோனது. “அட!” என்றான். ஸ்க்ரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷன் என்பது இவ்வளவுதான்: திரையில் ஏற்கெனவே இருப்பதைத் தேடி எடுத்துத் தரையில் ஒட்டுகிறது. திரையில் இல்லாதது அதற்குத் தெரியாது. இந்தத் தேடல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நடக்கிறது. இதன் உச்ச நிலைக்கு கேமிலேயே ‘சைக்கோ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வைத்தவர் நேர்மையானவர். நான் இதை அணைத்துவிடுவேன். சாலை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

நிழலும் இப்படித்தான். சூரியன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எது எதை மறைக்கிறது என்றறிய, காட்சியை அங்கிருந்து இன்னொரு தரம் வரைய வேண்டும். அதுவும் கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று எனப் பல அடுக்காக. மீடியம் போதும். பனிமூட்டமும் மேகமும் லோ-வில் இருந்தால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் என்று ஒன்று இருக்கும். பேரைப் பார்த்துப் பயந்து அதைத்தான் முதலில் குறைப்பார்கள். தப்பு. சாய்வாகத் தெரியும் சாலையும் சுவரும் கலங்காமல் இருப்பது அதனால்தான், செலவோ மிகக் குறைவு. அதை 16-லேயே விடலாம்.

டெக்ஸ்சர் வேறு ஜாதி. அது தின்பது நேரத்தை அல்ல, இடத்தை. கார்டின் 4 ஜிபிக்குள் அடங்கும்வரை ஹை-யில் வைத்தாலும் வேகம் அநேகமாகக் குறையாது. நிரம்பி வழிந்தால்தான் வினை: வேண்டிய படத்தை லேப்டாப்பின் பொது ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும். பைக்கை வேகமாக ஓட்டும்போது தெருமுனையில் சட்டென்று ஒரு நொடி உறைந்து, பிறகு சீராக ஓடுகிறதா? அது பெரும்பாலும் இந்த வினைதான். மீடியத்துக்கு இறக்கினால் தெளியும்.

ரெசல்யூஷனைக் குறைத்தும் வேகம் துளிகூட ஏறவில்லையென்றால் கார்டு மேல் குற்றமில்லை, பிராசசர் மூச்சுவாங்குகிறது. சந்தைக் கூட்டத்தில் இது தெரியும். நடமாடுகிற ஒவ்வொருவரையும் இயக்குவது பிராசசர்தான். கூட்டத்தைக் குறைக்க ‘க்ரௌட் டென்சிட்டி’ என்றொரு அமைப்பு இருக்கிறது.  டாஸ்க் மேனேஜரில் ரேம் பகுதியையும் பார்த்தேன். இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது. அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டால் ரேமுக்குப் பாதை இரண்டாகும். இந்த லேப்டாப்புக்குச் செலவழிக்கிற காசில் உருப்படியானது அதுதான்.

“ஆனா மாமா, முதல் பத்து நிமிஷம் நல்லாத்தான் ஓடுது.”

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கை வைத்துப் பார்த்தேன், விசைப்பலகையின் மேல்பகுதி தோசைக்கல். காற்றை இழுக்கும் ஓட்டைகள் அடியில் இருக்கின்றன. மெத்தை அவற்றை அடைத்துவிட்டது. சூடு எல்லை தாண்டினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை மாதம், ஏசி இல்லாத அறை வேறு. மேசைக்கு மாற்றி, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக்கொடுத்தோம். பிறகு விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்கினேன். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான லேப்டாப்களில் அது டர்போ வேகத்தையே நிறுத்திவிடும். பிராசசரும் கார்டும் ஒரே செப்புக்குழாயில் சூட்டைக் கொட்டுவதால், ஒன்று அடங்கினால் மற்றதற்கு மூச்சு கிடைக்கும். சார்ஜர் மாட்டியே ஆட வேண்டும்; பேட்டரியில் கார்டுக்கு மின்சாரம் அளந்துதான் வரும்.

கடைசியாக வேகத்தை விநாடிக்கு 40 ஃப்ரேமில் கட்டிப்போட்டேன். அவன் முகம் சுருங்கியது. “அறுபது வராதா?” அவன் திரை 120 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 120 துடிப்பு. 40 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றும் சரியாக மூன்று துடிப்பு நிற்கும், முன்பின் ஆகாது. ஃப்ரேமுக்கு 25 மில்லி விநாடி. நேரக் கணக்கில் 30-க்கும் 60-க்கும் நட்டநடு அதுதான், 45 அல்ல. கார்டும் முழுமூச்சில் ஓட வேண்டியதில்லை.

அரை மணி நேரம் ஆடினான். மின்விசிறி இரைச்சல் அடங்கி, அடுக்களையில் குக்கர் விசில் கேட்டது.

“சரி மாமா, அடுத்து ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இறக்கறேன். 150 ஜிபிதான்.”

“எவன் வீட்டு நெட்டுடா?” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.