முன்வரிசையில் ஒரு புதியவர்

அமெரிக்க உதைபந்தாட்டம் என்னும் பெயரைக் கேட்டு, அது காலாற் பந்தை உதைத்து ஆடும் ஆட்டம் என்று எண்ணுதல் கூடாது. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும் எதிரணியின் எல்லையை அடைவதே அவ்வாட்டத்தின் நோக்கமாகும். பக்கத்துக்கு 11 பேர் ஆடுவர். நான்கு முயற்சிகளுள் 10 யார் தூரமேனும் முன்னேறாவிடின், பந்து எதிரணிக்கு உரியதாகிவிடும். றக்பி ஆட்டத்தை அறிந்தோருக்கு இவை ஓரளவு பழகியனவாகவே தோன்றும். ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. றக்பியிலே பந்து இல்லாதவரை மறித்தல் குற்றம். அமெரிக்க ஆட்டத்திலோ, அவ்வாறு மறிப்பதையே தொழிலாகக் கொண்ட ஐவர் ஒவ்வோர் அணியிலும் உளர்.

இவ்வைவரே தாக்கும் அணியின் முன்வரிசையினர். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருமருங்கும் நிற்போர் கார்ட். ஓரங்களில் நிற்போர் டக்கிள். பந்தெறியும் குவாட்டர்பக் என்பவரை எதிரிகள் அணுகாது காப்பதும், பந்தேந்தி ஓடுபவருக்கு வழி திறப்பதும் இவர்தம் கடமை. எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமைகூட வழமையாக இவர்களுக்கு இல்லை. எனவே இவர்கள் செவ்வனே ஆடினால் எவரும் பேசுவதில்லை; ஒருமுறை தவறினாலோ குவாட்டர்பக் மண்ணில் வீழ்வதை அரங்கம் முழுவதும் காணும்.

ஐவருள்ளும் இடப்புற டக்கிளின் பொறுப்பு மிகக் கடியது. வலக்கையால் எறிபவர் எறிவதற்குத் திரும்பும்போது அவர் முதுகு இடப்புறம் நோக்கி இருக்கும். அப்பக்கத்திலிருந்து வரும் எதிரியை அவர் காணமாட்டார். காணாத பக்கத்துக்குக் கண்ணாக இருக்க வேண்டியவர் இடப்புற டக்கிளே.

2020ஆம் ஆண்டு நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணி, ஜோர்ஜியாப் பல்கலைக்கழக வீரரான அன்ட்ரூ தோமஸ் என்பவரை, நாட்டின் புதிய வீரர் தெரிவில் நான்காமவராக எடுத்துக்கொண்டது. அப்பொழுது அவருக்கு வயது 21. அனுபவம் மிக்க டக்கிளான நேட் சோல்டர் கொரோனாத் தொற்றின் காரணமாக அப்பருவத்தில் ஆடாது விலகினார். ஆகவே இடப்புறக் காவல் புதியவரின் தோளில் விழுந்தது. வழமையாகப் பருவத்துக்குமுன் நடைபெறும் பயிற்சிப் போட்டிகளும் அவ்வாண்டு கைவிடப்பட்டன. தோமஸ் கண்ட முதற் போட்டியே மெய்யான போட்டியாயிற்று.

அவர் இடர்ப்பட்டதில் வியப்பில்லை. இவ்விடத்தில் நிற்பவர் பின்னோக்கி அடிவைத்துக்கொண்டே, முன்னோக்கிப் பாய்பவரைத் தடுக்க வேண்டும். அடி சற்று அகன்றால் எதிரி உட்புறமாக நுழைவார். குறுகினால் வெளிப்புறமாகச் சுற்றுவார். கையாற் பற்றி இழுத்தால் 10 யார் தண்டனை. பந்து அசையுமுன் அசைந்தால் 5 யார். பல்கலைக்கழகத்தில் உடல் வலிமையால் மறைந்து கிடந்த சிறு பிழைகள், தொழில்முறை ஆட்டத்தில் வாரந்தோறும் வெளிப்பட்டன.

ஆயினும் குவாட்டர்பக் வீழும்போதெல்லாம் பிழை டக்கிளுடையதே என்று முடிவு செய்தல் பொருந்தாது. எறிபவர் பந்தை நெடுநேரம் வைத்திருந்திருக்கலாம். பந்தைப் பெற வேண்டியவர்கள் எதிரிகளிடமிருந்து விடுபடாது நின்றிருக்கலாம். எவர் எவரைத் தடுப்பது என்ற அறிவிப்பே பிழைத்திருக்கலாம். ஜயன்ற்ஸ் அணியிலோ முன்வரிசைக்குப் பயிற்சி அளித்தவரே அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நீக்கப்பட்டார். ஒரே பருவத்தில் புதியவருக்கு ஆசிரியர் இருவர் வாய்த்தனர்.

பொறுப்பு பலர்க்கும் உரியது என்பதால், தனியொருவர்க்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. அணிக் கூட்டம் ஒன்றுக்குத் தோமஸ் பிந்தி வந்தார். அதற்காக ஒக்டோபர் 18ஆந் திகதி வோஷிங்டன் அணியுடன் நடந்த போட்டியின் தொடக்கத்தில் அவர் நிறுத்தப்பட்டு, மற்றொரு புதியவர் இறக்கப்பட்டார். அதுவரை ஐந்து போட்டிகளிலும் தோற்றிருந்த அணி அது. நான்காமவராகத் தெரிவானவர் என்ற பெருமை விதியைத் தளர்த்தவில்லை. அதேவேளை அவர் கைவிடப்படவுமில்லை. அன்றைய போட்டியிலேயே பின்னர் களமிறக்கப்பட்டார். ஜயன்ற்ஸ் 20க்கு 19 என்ற கணக்கில் வென்றது. ஒழுங்குப் பிழைக்குத் தண்டனை, ஆட்டப் பிழைக்குப் பயிற்சி என்ற வேறுபாடு இங்கே தெளிவாகின்றது. இரண்டையும் ஒன்றாகக் கருதும் பயிற்றுநர், அஞ்சி ஆடும் வீரரையே உருவாக்குவார்.

பருவ முடிவில் தோமஸின் கணுக்காலில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மறு ஆண்டு அவர் ஆட்டம் சீர்ப்பட்டது. 2022ஆம் ஆண்டு நாட்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட இரண்டாம் அணியில் அவர் பெயர் இடம்பெற்றது. 2023 யூலை மாதத்தில் 11 கோடியே 75 இலட்சம் டொலர் பெறுமதியான ஐந்தாண்டு ஒப்பந்தம் அவருக்கு வழங்கப்பட்டது.

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பர். 2023ஆம் ஆண்டின் முதற் போட்டியிலேயே தோமஸ் காயமுற்று, ஏழு போட்டிகளில் ஆடாதிருந்தார். வேறு குறைகளும் சேர, அப்பருவத்தில் ஜயன்ற்ஸ் அணியின் எறிபவர்கள் 85 முறை பந்துடன் வீழ்த்தப்பட்டனர். மூன்றாண்டுகளுக்கு முன்னர் எவரது பிழையைப் பலரும் எண்ணிக்கொண்டிருந்தனரோ, அவரது இன்மையை இப்பொழுது எண்ண வேண்டியதாயிற்று.

புதியவரின் முதலாண்டைக் கொண்டு அவரை அளவிடுதல் எளிது. அவர் பிழையில் தனக்குள்ள பங்கையும் கணக்கிட்டு, அவரைத் திருத்தி, பொறுத்திருத்தலே ஓர் அணிக்கு அரிது. ஐவர் சேர்ந்து நிற்கும் மதிலிலே ஒரு கல் அசைந்தால், அக்கல்லைப் பழிப்பதோடு பணி முடிவதில்லை. அதனைப் பதித்த கையையும், அதனை அணைத்து நிற்கும் கற்களையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.