தரையில் நிற்கும் காவல் – 9: ஆய்வாளரின் சம்பளம்

2025 நவம்பர் 13. கீரனூரை அடுத்த அம்மாசத்திரம் அருகே, திருச்சி – புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் பட்டப்பகலில் ஒரு பயிற்சி விமானம் வந்து இறங்கியது. சேலத்திலிருந்து கிளம்பிய சிறிய விமானம். உள்ளே இருந்த இருவரும் உயிர் தப்பினர்.

அதற்கு ஓராண்டு முன்பு, 2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைப்பதற்காக, 140 பேருக்கும் மேல் சுமந்துகொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி, புதுக்கோட்டை வானிலேயே வட்டமடித்துவிட்டுப் பத்திரமாகத் தரையிறங்கியது.

இப்படி எது நடந்தாலும் கேள்வி போய் நிற்கும் இடம் டி.ஜி.சி.ஏ. என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். விமானியின் அறையில் உடன் பறந்து அவர் நடைமுறையைக் கவனிப்பது, பராமரிப்புப் பதிவேடுகளைப் புரட்டுவது, பயிற்சிப் பள்ளிகளைச் சோதிப்பது, முன்னறிவிப்பின்றிப் போய் நிற்பது – எல்லாம் அதன் ஆய்வாளர்களின் வேலை. குறை தென்பட்டால் விமானத்தைப் பறக்கவிடாமல் நிறுத்தவும் வழி உண்டு.

இந்த அதிகாரத்துக்கு என்ன சம்பளம்? யு.பி.எஸ்.சி. வழியாக வரும் பாதுகாப்பு அதிகாரிக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. அனுபவமுள்ள விமானிகள் ஒப்பந்த ஆய்வாளராக வந்தால் மாதம் 5 லட்சம் ரூபாயைத் தாண்டும். அப்படிக் கொடுக்காவிட்டால் யாரும் வர மாட்டார்கள்; விமான நிறுவனங்கள் அள்ளிக் கொடுக்கின்றனவே!

இந்தப் பாடத்தை இந்தியா பட்டுத்தான் கற்றது. ஒரு காலத்தில் விமான நிறுவனங்களிடமே விமானிகளை இரவல் வாங்கி ஆய்வு நடத்தினார்கள். கண்காணிக்கப்பட வேண்டியவரிடமே கண்காணிப்பாளரைக் கேட்பது எந்த ஊர் நியாயம்? முழுநேர ஆய்வாளர்கள் போதவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, 2014 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பாதுகாப்பு மதிப்பீட்டில் இந்தியாவை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாத நிலை. ஆய்வாளர்களை நியமித்த பிறகே, 2015 ஏப்ரலில் முதல் தரம் திரும்பியது.

ஒப்பந்தம் என்பது முழுத் தீர்வு அல்ல. 2025 டிசம்பரில் இண்டிகோ சேவைகள் நாடெங்கும் முடங்கியபோது, அந்நிறுவனத்தைக் கண்காணித்த நான்கு ஒப்பந்த ஆய்வாளர்கள் நீக்கப்பட்டனர். பணி நிரந்தரம் இல்லாதவர், பெரிய நிறுவனத்தின் முன் எவ்வளவு உறுதியாக நிற்க முடியும்?

அகமதாபாத் விமான விபத்துக்குப் பின், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த கணக்கு இன்னும் கவலை தருகிறது: டி.ஜி.சி.ஏ.வில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1,063, நிரம்பியவை 553.

புதுக்கோட்டை மாவட்டம் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என நான்கு மக்களவைத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளைத் திருச்சியிலிருந்து வழியனுப்பும் இந்த மாவட்டத்துக்காக, நான்கு எம்.பி.க்களும் அவையில் எழுந்து கேட்க வேண்டும்: மீதிப் பணியிடங்கள் எந்த மாதத்துக்குள் நிரப்பப்படும்?