புயல் கூண்டும் ஏ.ஐ. உதவியாளரும்!

குட்டீஸ்... மழைக்காலம் வந்தாலே செய்தியில் ஒரு வரி அடிபடும். 'காரைக்கால் துறைமுகத்தில் 3ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்!' அந்த 3 என்ன சொல்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா?

காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய கடலோர மீனவ கிராமம் பட்டினச்சேரி. இன்று கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்பது இங்கே பல வீடுகளுக்கு உயிர்ப் பிரச்னை. அதனால், எச்சரிக்கை எதுவானாலும் குழப்பமே இருக்கக் கூடாது.

நம் நாட்டில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை தரும் முறை 1865ல் கல்கத்தாவில் தொடங்கியது. இப்போது 1 முதல் 11 வரை எண்கள் உள்ளன. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

1, 2 என்றால், ஆபத்து தொலைவில், நடுக்கடலில் இருக்கிறது. 3, 4 என்றால், துறைமுகத்தையே மோசமான வானிலை மிரட்டுகிறது. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 5க்கும் 6க்கும் என்ன வித்தியாசம் தெரியுமா? புயல் செல்லும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5. வலப்பக்கம் இருந்தால் 6. துறைமுகத்தின் மீதோ, மிக அருகிலோ கடந்தால் 7!

'ஆபத்து' என்று ஒரே ஒரு கூண்டை மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும்? எங்கோ இருக்கும் புயலும், வாசலுக்கு வந்துவிட்ட புயலும் ஒன்றாகிவிடும்!

இதே சிக்கல் இப்போது கணினி உலகத்துக்கும் வந்திருக்கிறது.

<b>கை இல்லாத உதவியாளர்</b>

2015ல் வெளிவந்த 'டிஸ்கார்ட்' போன்ற அரட்டைத் தளங்களில், ஒரே குழுவில் ஆயிரக்கணக்கானோர் பேசுவார்கள். சண்டை, பொய்ச் செய்தி எல்லாம் வரும். அவற்றைக் கவனிக்க, செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) உதவியாளர்களையும் இப்போது வைக்கலாம்.

ஆனால், ஏ.ஐ.க்கு கை கிடையாதே! நாம்தான் அதற்குக் 'கருவிகள்' தர வேண்டும். கருவி என்றால் சுத்தியல், ஸ்பேனர் அல்ல. 'செய்தி அனுப்பு', 'செய்தியை அழி' போன்ற சிறு நிரல்கள். இப்படிக் கருவிகளை இணைப்பதற்கான ஒரு பொது முறையை, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன் பெயர் எம்.சி.பி.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன தகவல் தர வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். ஏ.ஐ. கருவியைத் திறந்து பார்ப்பதில்லை. இந்தக் குறிப்பைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்யும்.

<b>'நீக்கு' என்றால் எதை?</b>

பட்டினச்சேரியில் கடல் வானிலைக்காக ஒரு அரட்டைக் குழு இருப்பதாகக் கற்பனை செய்வோம். தினமும் எச்சரிக்கை போடும் அண்ணன் ஒருவர், தவறுதலாகப் பழைய புயல் படத்தைப் போட்டுவிட்டார். 'அதை நீக்கிவிடு' என்கிறார் பொறுப்பாளர். ஏ.ஐ.யிடம் 'நீக்கு' என்றொரு கருவி இருக்கிறது. விளக்கம்: 'நீக்கும்'. அவ்வளவுதான்!

படத்தை நீக்குவதா, ஆளையா? ஏ.ஐ. அந்த அண்ணனையே வெளியே அனுப்பிவிட்டால், மறுநாள் எச்சரிக்கை வராது. படகுகள் கடலுக்குப் போய்விடும்!

டிஸ்கார்டில் இவை நான்கு வேறு வேறு வேலைகள். செய்தியை அழிப்பது ஒன்று. ஒருவரைக் கொஞ்ச காலம் பேசவிடாமல் வைப்பது இன்னொன்று. அதிகபட்சம் 28 நாள். வெளியேற்றுவது மூன்றாவது, அழைப்பு கிடைத்தால் அவர் திரும்ப வரலாம். தடை செய்வது நான்காவது. தடையை விலக்கும்வரை வர முடியாது. நான்குக்கும் தனித்தனிப் பெயரும், விளக்கமும் வேண்டும்.

நல்ல விளக்கம் இப்படி இருக்கும்:

பெயர்: செய்தியை அழி.
வேலை: ஒரே ஒரு செய்தியை மட்டும் அழிக்கும். எழுதியவர் குழுவிலேயே இருப்பார்.
தர வேண்டியது: அந்தச் செய்தியின் எண்.
கூடாதது: வானிலை எச்சரிக்கைகளை அழிக்கக் கூடாது.
கவனம்: அழித்ததை மீட்க முடியாது. சந்தேகம் வந்தால் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும்.

<b>11ம் எண் சொல்லும் பாடம்</b>

கடைசியாக, 11ம் எண் கூண்டு. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. ஆனாலும் மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது இதன் பொருள். பார்த்தீர்களா? தகவல் வராத நிலைமைக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள்!

கருவியும் அப்படித்தான். வேலை நடக்கவில்லை என்றால், 'நடக்கவில்லை, காரணம் இது' என்று சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால், வேலை முடிந்தது என்று ஏ.ஐ. நினைத்துவிடும்.

<b>செய்து பாருங்கள்!</b>

காகிதக் கப்பல் செய்வது எப்படி என்று ஐந்தே வரியில் எழுதுங்கள். தம்பியிடமோ, தோழியிடமோ கொடுங்கள். வாயைத் திறக்கக் கூடாது! எழுதியதை மட்டும் படித்து அவர்கள் செய்யட்டும். கப்பல் வராவிட்டால் அவர்களைத் திட்டாதீர்கள். எந்த வரியில் குழம்பினார்கள் என்று பார்த்து, அந்த வரியைத் திருத்துங்கள். ஏ.ஐ.க்கு விளக்கம் எழுதுபவர்கள் செய்வதும் இதைத்தான்!