930 கோடி ஆண்டு பழைய வெளிச்சம்

திருத்தணி மலையில் 365 படி ஏறி மூச்சு வாங்க நிற்கிறீர்கள். வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், சுமார் 90 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. 2015 செப்டம்பர் 28 காலை 10 மணிக்கு அங்கிருந்து கிளம்பியதுதான் ஆஸ்ட்ரோசாட், இந்தியாவின் முதல் விண்வெளித் தொலைநோக்கி ஆய்வகம்.

புற ஊதாக் கதிரை ஓசோன் படலம் மறித்துவிடும். அதைப் பார்க்க அந்தப் படலத்துக்கு மேலே போயாக வேண்டும்; ஆஸ்ட்ரோசாட் போனது 650 கிலோமீட்டர் உயரத்துக்கு. அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியின் கண்ணாடி 38 சென்டிமீட்டர்கூட இல்லை. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கோ 2.4 மீட்டர்! ஆனாலும் 2016 அக்டோபரில் வானத்தின் ஒரே துண்டை 28 மணி நேரம் உற்றுப் பார்த்து, ஹப்பிளிடம் சிக்காத ஒரு மங்கல் ஒளியை இது பிடித்தது. உணர்கருவியில் இரைச்சல் மிகக் குறைவு என்பதே ரகசியம். புனே ஐயூகா வானியல் மையத்தின் கனக் சாஹா குழு, தரவைச் சலித்துச் சரிபார்க்கவே ஏறக்குறைய இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டது. 2020 ஆகஸ்டில் முடிவு வெளியானது.

அந்த மங்கல் ஒளியை அனுப்பிய விண்மீன் மண்டலத்தின் பெயர் ஏயுடிஎஃப்எஸ்01. அதன் ஒளி புறப்பட்டது 930 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நம் சூரியன் அப்போது பிறக்கவே இல்லை.