மண் சொன்ன சாட்சியம்

நுழையும்முன்

வரலாற்றை அறிய ஏடுகள் உதவுகின்றன. ஆயினும், ஏடுகளை எழுதியோர் தாம் கண்டவற்றையும் தமக்கு வேண்டியவற்றையுமே பதிவு செய்தனர். எழுதப்படாதவற்றையும், எழுதப்பட்டும் நம்பப்படாதவற்றையும் மண் காத்து வைத்திருக்கிறது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த முதல் நிலையான குடியிருப்பாகிய ஜேம்ஸ்டவுனின் வரலாறு, அகழாய்வால் எவ்வாறு தெளிவு பெற்றது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஆற்றங்கரையில் ஒரு கோட்டை

1607ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்று கப்பல்களில் வந்த 104 ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் ஓர் ஆற்றங்கரையில் இறங்கினர். அவர்களுள் பெண்கள் எவருமிலர்; ஆண்களும் சிறுவர்களுமே இருந்தனர். அவர்களை அனுப்பியது வர்ஜீனியா கம்பெனி என்னும் வணிகக் குழு. பின்னர் அதன் பொருளாளராக விளங்கிய தாமஸ் ஸ்மித், இந்தியாவில் வணிகம் செய்த கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநரும் ஆவார். வந்தவர்கள் தம் அரசர் முதலாம் ஜேம்ஸின் பெயரையே ஆற்றுக்கும் குடியிருப்புக்கும் இட்டனர்.

அந்நிலம் ஆளில்லா நிலமன்று. ஏறத்தாழ முப்பது பழங்குடிகள் பவ்ஹாட்டன் என்னும் பெருந்தலைவரின்கீழ் அங்கு வாழ்ந்துவந்தனர். மக்காச்சோளம் விளைவித்தும் மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த அம்மக்களின் நாட்டில், ஆங்கிலேயர் மரத்தூண்களை நெருக்கமாக நட்டு முக்கோண வடிவில் ஒரு கோட்டை எழுப்பினர்.

1699இல் வர்ஜீனியாவின் தலைநகர் வேறிடத்துக்கு மாறியது. மக்கள் வெளியேற, ஜேம்ஸ்டவுன் உழவு நிலமாயிற்று. செங்கல்லால் ஆன தேவாலயக் கோபுரம் ஒன்றே எஞ்சியது. கரையை ஆறு அரித்துவந்ததால், கோட்டை இருந்த இடமும் நீருக்குள் மூழ்கிவிட்டது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது.

மண்ணில் படிந்த கறை

தொல்லியல் அறிஞர் வில்லியம் கெல்சோ இந்நம்பிக்கையை ஏற்கவில்லை. 1610இல் அங்கு வந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி என்பவர், கோட்டையின் ஆற்றுப்பக்கம் 140 கஜம் என்றும் மற்ற இரு பக்கங்கள் 100 கஜம் என்றும், அதன் நடுவே தேவாலயம் இருந்தது என்றும் எழுதியிருந்தார். தேவாலயங்கள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே மீண்டும் கட்டப்படுபவை. எனவே, எஞ்சிய கோபுரத்தின் அருகிலேயே கோட்டையும் இருத்தல் வேண்டும் எனக் கெல்சோ கருதினார். 1994இல் அகழாய்வு தொடங்கியது.

நானூறு ஆண்டுக்கால மரத்தூணை மண்ணில் எவ்வாறு காண்பது? மரம் மட்கிப்போகும்; ஆனால், அது நின்ற குழியில் நிரம்பும் மண் சுற்றியுள்ள மண்ணைவிடக் கருமையாக இருக்கும். மேல்மண்ணை மெல்லச் சுரண்டினால், தூண் நின்ற இடமெல்லாம் வட்டமான கறையாகத் தெரியும். அத்தகைய கறைகள் ஒரே நேர்க்கோட்டில் அடுத்தடுத்து வெளிப்பட்டன. 1996இல் கோட்டை கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் சிறு பகுதியை மட்டுமே ஆறு கொண்டுசென்றிருந்தது.

பட்டினிக் காலம்

1609ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பவ்ஹாட்டன் மக்கள் கோட்டையை முற்றுகையிட்டனர். உள்ளே ஏறத்தாழ 300 பேர் இருந்தனர். இளவேனில் வந்தபோது ஏறத்தாழ 60 பேரே உயிருடன் இருந்தனர். அப்போது தலைமை வகித்த ஜார்ஜ் பெர்சி, குதிரை, நாய், பூனை, எலி, பாம்பு ஆகியவற்றை உண்டதையும், இறுதியில் பிணங்களையே உண்ண நேர்ந்ததையும் பின்னாளில் எழுதினார். இது மிகைப்படுத்தப்பட்ட கூற்று என ஆய்வாளர் பலர் ஐயுற்றனர்.

கோட்டைக்குள் இருந்த நிலவறைகளின் குப்பைகளில், பெர்சி குறிப்பிட்ட விலங்குகளின் எலும்புகள் வெட்டுத் தடங்களுடன் கிடைத்தன. 2012இல் அத்தகைய நிலவறை ஒன்றில் மனித மண்டையோட்டின் பகுதியும் ஒரு கால் எலும்பும் கிடைத்தன. ஸ்மித்சோனியன் நிறுவன அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்தனர். அவை ஏறத்தாழப் பதினான்கு வயதுச் சிறுமியின் எலும்புகள். எலும்பில் தங்கிய வேதிக்கூறுகள், அவள் இங்கிலாந்தில் வளர்ந்தவள் எனக் காட்டின. நெற்றியிலும் பின்தலையிலும் தாடையிலும் இருந்த வெட்டுகள், அவள் இறந்தபின் ஏற்பட்டவை. தசையை நீக்கும் நோக்கில் செய்யப்பட்டவை. பெர்சியின் கூற்றுக்கு மண் சாட்சியளித்தது. பெயர் தெரியாத அச்சிறுமிக்கு ஆய்வாளர்கள் 'ஜேன்' எனப் பெயரிட்டனர்.

மரம் காத்த மழைக்கணக்கு

குடியேறியவர்கள் சோம்பேறிகள், பொன்னைத் தேடிப் பயிரை மறந்தவர்கள் என்பது நெடுநாளைய பழி. அகழாய்வில் கிடைத்த உலைக்கலங்களும் கருவிகளும் கிணறுகளும் அவர்கள் பல தொழில்களில் முனைந்திருந்ததைக் காட்டின. மரங்கள் மற்றொரு காரணத்தை உணர்த்தின. மழை குறைந்த ஆண்டில் மரத்தின் வளர்ச்சி வளையம் குறுகும். அப்பகுதியின் முதிய சைப்ரஸ் மரங்களை ஆராய்ந்த அறிஞர்கள், 1606 முதல் 1612 வரையிலான ஏழாண்டுகள் 770 ஆண்டுகளில் நேர்ந்த மிகக் கடுமையான வறட்சிக் காலம் என 1998இல் வெளியிட்டனர். தமக்கே உணவு போதாத பவ்ஹாட்டன் மக்களிடம் வந்தேறிகள் மேலும் மேலும் சோளம் கேட்டதும், பகை முற்றியதும் இதனால் விளக்கம் பெறுகின்றன.

எழுதப்படாதவர்கள்

கோட்டைக்குள் பவ்ஹாட்டன் மக்களின் மட்கலங்கள் கிடைத்தன. சோளத்துக்கு மாற்றாகக் கொடுப்பதற்கென நறுக்கிய செப்புத் துண்டுகளும் கிடைத்தன. பகைக்கு முன்பு பண்டமாற்றும் நெருக்கமும் இருந்ததை அவை உரைக்கின்றன. 1619இல் ஆப்பிரிக்கர் வர்ஜீனியாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஆஞ்செலா என்னும் பெண், ஜேம்ஸ்டவுனில் ஒரு வணிகரின் வீட்டில் வாழ்ந்ததாகக் குடிக்கணக்கில் பெயரளவில் மட்டுமே குறிக்கப்பட்டுள்ளார். அவ்வீடு இருந்த இடத்திலும் அண்மையில் அகழாய்வு நடைபெற்றது.

இன்று அத்தீவைச் சூழும் நீர்மட்டம் உயர்ந்துவருகிறது. அமெரிக்காவில் அழிவை எதிர்நோக்கும் வரலாற்று இடங்களின் பட்டியலில் 2022இல் ஜேம்ஸ்டவுன் இடம்பெற்றது. கோட்டையை நீர் கொண்டுபோயிற்று என்னும் பழைய நம்பிக்கை அன்று பொய்யாயிற்று. இனி அது மெய்யாகாமல் காப்பது இத்தலைமுறையின் கடமை. இன்னும் தோண்டப்படாத மண்ணில், பெயர் எழுதப்படாத எத்தனையோ பேரின் சாட்சியங்கள் காத்திருக்கின்றன.