பொம்மைப் போர்

போர்வீரர் பொம்மைகளைச் சேர்த்து, வண்ணந்தீட்டி, எதிரெதிரே நிறுத்திப் பொருதச் செய்யும் விளையாட்டு மேலைநாடுகளில் சிறுவரையன்றிப் பெரியோரையும் ஈர்ப்பதாகும். இங்கிலாந்தில் 1893-ஆம் ஆண்டில் பிரிட்டன் என்னும் குடும்பத்தார் காரீய வீரரை உள்ளீடின்றி வார்க்கத் தொடங்கினர், அதனால் பொம்மைகளின் எடை குறைந்தது, விலையும் குறைந்தது. விரலளவே உயர்ந்த உருவில் பித்தானையும் மீசையையும் தீட்டுதற்குப் பொறுமை மிக வேண்டும். காரீயம் நஞ்சாதலின், இக்காலத்தில் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலும் வேறு உலோகக் கலவைகளிலும் செய்கின்றனர்.

இவ்விளையாட்டிற்கு விதிகள் வகுத்தோருள் புகழ்பெற்றவர் எச். ஜி. வெல்ஸ் என்னும் நாவலாசிரியர். அவரது 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூல் 1913-இல் வெளிவந்தது. காலாள் ஒரு முறைக்கு ஓரடி செல்லலாம். குதிரைவீரன் ஈரடி செல்லலாம். தன் பக்கத்து வீரர் நால்வரேனும் ஆறு அங்குலத்திற்குள் நின்றாலன்றிப் பீரங்கி சுடலாகாது. சுடுவதோ வெறும் பாவனையன்று! சுருள்வில்லின் விசையால் பாயும் சிறு மரத்துண்டு வீரரை மெய்யாகவே சாய்த்துவிடும். சாய்ந்தவரை எடுத்துப் பெட்டியில் அடுக்கி, மறுநாள் மீண்டும் களத்தில் நிறுத்தலாம்.

இதனை மூன்று நான்கு முறை ஆடிப்பார்ப்போர்க்கு மெய்ப்போர் எத்துணைப் பெரும் பேதைமை என்பது விளங்கும் என்று வெல்ஸ் அந்நூலின் இறுதியில் எழுதினார். மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முதல் உலகப்போரில் இங்கிலாந்தும் இறங்கியது.